எரவாடா மைதானத்தைத் தேடி

சென்னையிலிருந்து புனேவுக்கு நான் போன ரயில் குண்டக்கல்லை இரவில் கடந்தது. அங்கிருந்து மேற்கே ஐம்பது கிலோமீட்டர் போனால் பெல்லாரி. அது சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், 1932 அக்டோபரில், கராச்சியிலிருந்து கிளம்பிய ஒரு தபால் மூட்டை மும்பை வழியாக வான்வழியே வந்து பெல்லாரியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. இந்தியர்கள் நடத்திய முதல் விமானத் தபால் சேவை அதுதான். கராச்சியிலிருந்து மும்பை வரை விமானத்தை ஓட்டியவர் ஜே.ஆர்.டி. டாடா. அப்போது அவருக்கு வயது 28. திருமணமாகி இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை.

ஜே.ஆர்.டி.யைத் தேடுகிறவர்கள் மும்பைக்குத்தான் போவார்கள். பாம்பே ஹவுஸ், ஜுஹு, அவர் குடியிருந்த ஆல்டமவுண்ட் ரோடு எல்லாம் அங்கேதான். நான் புனேவைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணங்கள் இருந்தன. டாடா குடும்பத்தின் பழைய காகிதங்கள் இப்போது புனேவில் இருக்கின்றன. இன்னொன்று, எரவாடா சிறைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மைதானம். விமானச் சரித்திரம் எழுதுகிறவர்கள் அதை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை.

முலா, முட்டா இரண்டு ஆறுகளும் கூடி ஓடும் கரையோரம், பண்ட் கார்டனுக்கு அருகில் மங்கள்தாஸ் ரோடு. இரண்டு பக்கமும் பெரிய மரங்கள். டாடா மத்திய ஆவணக் காப்பகம் அங்கே டாடா மேலாண்மைப் பயிற்சி மையத்தின் வளாகத்தில் இருக்கிறது. பயிற்சி மையம் 1966இல் வந்தது. காப்பகம் 1991இல் மும்பையில் தொடங்கி, பத்தாண்டு கழித்து இங்கே குடிபெயர்ந்தது. ஒரு வணிக நிறுவனம் தன் பழைய கடிதங்களைக்கூடக் குப்பைக்குப் போகவிடாமல் காப்பது நம் நாட்டில் அபூர்வம். நம்மூர்ச் செட்டிநாட்டு வீடுகளின் பரணில் கிடந்து, பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போன பர்மா கணக்குப் புத்தகங்களை நினைத்தால் எனக்கு வயிறு எரியும். அதனால் இந்தக் காப்பகத்தின் மீது ஒரு மரியாதையோடுதான் போனேன்.

இந்தக் குடும்பத்தின் கதை விமானத்துக்கு வெகு முன்பே தொடங்குகிறது. ஜே.ஆர்.டி.யின் அப்பா ரத்தன்ஜி தாதாபாய் டாடா, சுருக்கமாக ஆர்.டி., 1856இல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்தவர். டாடா நிறுவனங்களுக்கு அடித்தளம் போட்ட ஜாம்ஷெட்ஜி டாடாவுக்கு நெருங்கிய உறவினர். மும்பை எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படித்துவிட்டு விவசாயம் கற்றுக்கொள்ள அவர் வந்த ஊர் சென்னை. அந்நாளில் சென்னையில் விவசாயம் சொல்லிக்கொடுத்த இடம் சைதாப்பேட்டை என்பதால், அங்கேதான் படித்திருக்க வேண்டும். பிறகு அவர் விவசாயத்துக்குப் போகவில்லை. கிழக்காசிய வியாபாரத்துக்குப் போனார். பட்டு, முத்து என்று வியாபாரம் வளர்ந்து பாரிஸ்வரை அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

முதல் மனைவி இறந்து பல ஆண்டுகள் தனியாக இருந்தவர், பாரிஸில் பிரெஞ்சு கற்றுக்கொள்ளப் போன வீட்டில் சுசான் பிரியேரைப் பார்த்தார். சுசானுக்கு அப்போது இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. ஆர்.டி.க்கு நாற்பதுக்கு மேல். 1902இல் பாரிஸில் திருமணம் நடந்தது. குடும்பத்தின் பெரியவர் என்ன சொல்வாரோ என்று ஆர்.டி. பயந்திருக்கிறார். ஜாம்ஷெட்ஜி அப்போது இங்கிலாந்தில் இருந்தார். தம்பதியை வரவழைத்து, தேம்ஸ் கரையில் கிங்ஸ்டனில் விருந்து வைத்து வாழ்த்தினார். பெரியவர் வாழ்த்திவிட்டால் போதும் என்று நாம் நினைப்போம். சமூகம் அப்படி நினைக்கவில்லை.

மும்பைக்கு வந்த சுசானுக்கு நவ்ஜோத் என்ற தீட்சை செய்து, சூனி என்று பெயரிட்டு, பார்சி முறைப்படி மீண்டும் திருமணம் செய்துவைத்தார்கள். நெருப்புக் கோயிலுக்குள் அவர் போகலாமா? இறந்தால் அவர் உடலை மௌன கோபுரத்தில் வைக்கலாமா? ஒரு பெண் உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கும்போதே அவருடைய பிணத்துக்கு இடம் உண்டா என்று ஊர் கூடி வாதாடியது. சர் தின்ஷா பெட்டிட் உள்ளிட்ட சிலர், ஆர்.டி.யும் அவர்களில் ஒருவர், பார்சி பஞ்சாயத்தின் அறங்காவலர்கள் மீது வழக்குத் தொடுத்தார்கள். மும்பை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் தாவரும் பீமனும் 1908இல் தீர்ப்புச் சொன்னார்கள். வெளியிலிருந்து மதத்துக்கு வந்த பெண்ணுக்குப் பார்சி அறக்கட்டளைகளின் சொத்தில் உரிமை இல்லை. ஆனால் பார்சி அப்பாவுக்கும் அந்நியப் பெண்ணுக்கும் பிறந்த குழந்தைகள், தீட்சை பெற்றால், பார்சிகளே. அம்மாவுக்கு அடைத்த கதவைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்ட தீர்ப்பு அது. பார்சி என்றால் யார் என்ற கேள்விக்கு இன்றைக்கும் நீதிமன்றங்களில் இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துப் படிக்கிறார்கள்.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. வழக்கில் சூனிக்காக நின்ற அதே சர் தின்ஷா பெட்டிட், பத்தாண்டு கழித்து, தன் மகள் ரத்தி முகமது அலி ஜின்னாவைக் கல்யாணம் செய்துகொண்டபோது மகளை வீட்டை விட்டே விலக்கினார். சூனியின் மூத்த மகள் சில்லா பிற்பாடு அதே பெட்டிட் குடும்பத்துக்கு மருமகளாகப் போனார். ரத்தியின் தம்பியைத்தான் அவர் மணந்தார்.

மதியம் கேம்ப் பகுதிக்குப் போனேன். புனேவின் பார்சிகள் பல தலைமுறைகளாகப் புழங்கிய இடம். 1878இலிருந்து நடக்கும் தோராப்ஜி உணவகத்தில் தான்சாக் சாப்பிட்டேன். பருப்பும் காய்கறியும் ஆட்டிறைச்சியும் ஒன்றாக வெந்த குழம்பு, பழுப்பு நிறச் சோறு. வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு அகியாரி, பார்சிகளின் நெருப்புக் கோயில். வாசலில் பார்சிகளுக்கு மட்டும் அனுமதி என்ற பலகை. உள்ளே போக வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. அவரவர் கோயிலுக்கு அவரவர் முறை. ஆனால், மதம் மாறி, பெயர் மாறி, புடவை கட்டி, ஐந்து பிள்ளை பெற்ற ஒரு பெண்ணும் இந்தப் பலகைக்கு வெளியேதானே நின்றிருப்பார் என்ற நினைப்பில் அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன்.

இந்தியாவில் கார் ஓட்டிய முதல் பெண் என்று சூனியைச் சொல்வதுண்டு. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாரிஸுக்கும் மும்பைக்கும் நடுவே கப்பலில் போவதும் வருவதுமாகவே அவர் வாழ்க்கை கழிந்தது. இடையில் ஜப்பானில் யோகோஹாமாவிலும் இருந்தார்கள். 1923இல் காசநோயில் இறந்தபோது அவருக்கு வயது 43. பாரிஸில் இறந்ததால் பெரே லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். மூன்றாண்டு கழித்து ஆர்.டி.யும் பாரிஸிலேயே இறந்து அங்கேயே அடக்கமானார். அவர்களுடைய மகன் ஜே.ஆர்.டி. 1993இல் ஜெனீவாவில் இறந்தபோது, அவரையும் அந்தத் தோட்டத்துக்கே கொண்டுபோனார்கள்.

ஜே.ஆர்.டி. 1904 ஜூலை 29இல் பாரிஸில் பிறந்தவர். பிரான்ஸின் வடக்குக் கடற்கரையில் ஹார்டெலோ என்ற ஊரில் குடும்பத்துக்கு ஒரு விடுமுறை வீடு இருந்தது. ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் முதன்முதலில் கடந்த லூயி பிளேரியோவின் வீடும் அங்கேதான். கடற்கரை மணலில் விமானங்கள் வந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பையன், பதினைந்து வயதில் ஒரு விமானத்தில் ஏறிச் சின்னச் சுற்று ஒன்று போய் வந்தான். விமானி ஆவதென்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டதாகப் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். ஆனால் அதற்குப் பத்து வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சுக் குதிரைப்படையில் கட்டாய சேவை செய்தார். 1925 கடைசியில் டாடா நிறுவனத்தில் சம்பளமில்லாப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அப்பா போனார். 22 வயதில் தம்பி தங்கைகளின் பொறுப்பும் அப்பாவின் கடன்களும் தலைமேல் விழுந்தன. குடும்ப வீடுகளை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, பிள்ளைகள் தாஜ் ஹோட்டலில் குடியேறினார்கள்.

மும்பையில் ஃபிளையிங் கிளப் வந்ததும் ஓடிப்போய்ச் சேர்ந்தார். பயிற்சியாளர் கூட உட்கார்ந்து பறந்தது மூன்றே முக்கால் மணி நேரம். அதற்குள் தனியாகப் பறந்துவிட்டார். 1929 பிப்ரவரி 10இல் விமானி உரிமம் கிடைத்தது. இந்தியா, பர்மா இரண்டுக்குமான ஏரோ கிளப் கொடுத்த அந்த உரிமத்தின் எண் 1. நீலமும் பொன்னுமான சின்ன அட்டை அது. பின்னாளில் பாரத ரத்னா வரை எத்தனையோ வந்தும், அந்த அட்டை கொடுத்த சந்தோஷத்தை வேறெதுவும் தரவில்லை என்றார். பிரெஞ்சுக் குடியுரிமையை விட்டதும் அந்த ஆண்டில்தான்.

பின்னாளில் மனைவியான தெல்லி அவர் வாழ்க்கைக்குள் வந்தது விமானத்தால் இல்லை, காரால். ஜே.ஆர்.டி.யிடம் ஒரு நீல புகாட்டி இருந்தது. கூரை கிடையாது, மட்கார்டு கிடையாது. மும்பையிலிருந்து போர் காட் மலைப்பாதை ஏறிப் புனேவுக்கு அதில் இரண்டரை மணி நேரத்தில் வந்து சேர்ந்தார் என்றும், அன்றைக்கு அது ஒரு சாதனை என்றும் சொல்வார்கள். எக்ஸ்பிரஸ்வே போட்ட பிறகும் இன்றைக்குப் பல நாட்களில் அந்த நேரத்துக்குள் வர முடிவதில்லை. மும்பையில் வேகமாக ஓட்டியதற்காக வழக்கு விழுந்தபோது, அவர் போய் நின்றது ஜாக் விகாஜி என்ற பெயர் பெற்ற வக்கீலிடம். வழக்குக்காகப் போன வீட்டில் வக்கீலின் சகோதரர் மகள் தெல்மாவைப் பார்த்தார். எல்லோருக்கும் அவர் தெல்லி. பிரெஞ்சு டியூஷனுக்குப் போன அப்பா பெண் பார்த்தார், கோர்ட் வழக்குக்குப் போன மகன் பெண் பார்த்தார். 1930 டிசம்பரில் கல்யாணம்.

தேனிலவுக்கு டார்ஜிலிங் போனார்கள். அங்கே வங்காள கவர்னர் ஸ்டான்லி ஜாக்சனின் கார் போவதற்காகப் பாதையை அடைத்து, பெண்களையும் குழந்தைகளையும் குளிரில் நெடுநேரம் நிறுத்தி வைத்திருந்தார்கள். கவர்னரின் கார் வந்ததும் மாப்பிள்ளை அதன் குறுக்கே போய் நின்று, இத்தனை பேரை நடுங்க வைக்க நீ யார் என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டார். கல்யாணமான சில நாட்களில் தெல்லிக்குத் தன் கணவர் யாரென்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அறுபது வருடத்துக்கும் மேல் சேர்ந்து வாழ்ந்தார்கள். பிள்ளைகள் இல்லை.

ஒரு விமானியின் மனைவியாக அந்தக் காலத்தில் வாழ்வது என்றால் என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். ரேடியோ கிடையாது. புறப்பட்ட விமானம் எங்கே இருக்கிறது என்று போய்ச் சேரும்வரை யாருக்கும் தெரியாது. ஜே.ஆர்.டி.யின் கடைசித் தம்பி ஜிம்மி இருபது வயதைத் தாண்டிய கொஞ்ச நாளில் ஆஸ்திரியாவில் விமான விபத்தில் இறந்தார். விமானத் தபால் சேவையின் பங்காளியான நெவில் வின்சென்ட் 1942 ஜனவரியில் இங்கிலாந்துக்குப் போன வழியில், அவர் ஏறிய போர் விமானத்தோடு பிரான்ஸ் கரைக்கருகே காணாமல் போனார். அதே ஆண்டு மார்ச்சில், இந்தியாவின் முதல் விமானிகளில் ஒருவரான மன்மோகன் சிங் ஆஸ்திரேலியாவில் ப்ரூம் துறைமுகத்தின் மீது ஜப்பானியர் நடத்திய தாக்குதலில் இறந்தார். பழகியவர்கள் ஒவ்வொருவராக இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், தெல்லியின் கணவர் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தார். 1982இல், 78 வயதில், சிறிய லெப்பர்ட் மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து மும்பைக்கு அந்த முதல் பயணத்தை மறுபடி பறந்து காட்டினார். அன்றைக்கும் திரும்பி வந்தார்.

மறுநாள் பிம்ப்ரிப் பக்கம் போனேன். மும்பை நெடுஞ்சாலையில் நாசிக் பாட்டா சந்திப்பில் இரண்டடுக்கு மேம்பாலம் ஒன்றுக்கு ஜே.ஆர்.டி.யின் பெயர். அதைத் தாண்டிப் போனால் டாடாவின் லாரித் தொழிற்சாலையான டெல்கோ. 2003இலிருந்து அதன் பெயர் டாடா மோட்டார்ஸ். நண்பரின் அப்பா அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், திருநெல்வேலிக்காரர். “எங்களுக்கு அது டெல்கோதான் தம்பி. பேர மாத்தினா நாங்க மாறிருவமா?” என்றார். டெல்கோவை நடத்திய சுமந்த் மூல்காவ்கர் தொழிற்சாலை கட்டும் முன்பே வெறும் பொட்டலில் மரங்கள் நட்டு ஏரி வெட்டிய கதையை அவர் சொல்லக் கேட்க வேண்டும். சொந்த ஊர்க் குளத்தைப் பற்றிச் சொல்வதுபோல அத்தனை ஆசையாகச் சொன்னார்.

1974இல் இந்தத் தொழிற்சாலையின் வேலை விளம்பரத்தில் பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று இருந்ததைப் பார்த்து, பெங்களூரில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி ஜே.ஆர்.டி.க்கே ஓர் அஞ்சலட்டை போட்டார். புனேவுக்கு நேர்காணலுக்கு அழைப்பு வந்தது, வேலையும் கிடைத்தது. அந்த மாணவிதான் சுதா மூர்த்தி. அவரே எழுதிப் பல லட்சம் பேர் படித்த சம்பவம் இது. இந்தக் குடும்பக் கதையோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. அம்மாவுக்கு முன்னால் ஒரு வாசல் அடைபட்ட வீட்டின் மகன் அவர். பெண்ணுக்கு இடமில்லை என்ற விளம்பரம் தன் நிறுவனத்தின் பெயரிலேயே வந்திருக்கிறது என்று தெரிந்ததும் அவர் என்ன நினைத்திருப்பார்?

1991இல் அவர் தன் பங்குகளையும் ஒரு அடுக்குமாடி வீட்டையும் விற்று ஓர் அறக்கட்டளை தொடங்கினார். பெயரில் மனைவியையும் சேர்த்தார்: ஜே.ஆர்.டி. அண்ட் தெல்மா ஜே. டாடா டிரஸ்ட். வசதியற்ற பெண்கள், குழந்தைகளின் வாழ்க்கையை மேம்படுத்துவது அதன் வேலை. விமானங்கள், இரும்பு, லாரி, ஹோட்டல் என்று அவர் நடத்திய எதிலும் தெல்லியின் பெயர் இல்லை. தன் சொந்தப் பணத்தில் தொடங்கிய ஒன்றில் மட்டும் அந்தப் பெயரைப் போட்டிருக்கிறார்.

எரவாடாவைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நகர் ரோட்டில் போனால் முதலில் ஆகா கான் அரண்மனை. 1892இல் மூன்றாம் ஆகா கான் கட்டியது. ‘வெள்ளையனே வெளியேறு’ காலத்தில் காந்தியையும் கஸ்தூர்பாவையும் மகாதேவ் தேசாயையும் இங்கே அடைத்து வைத்தார்கள். மகாதேவ் 1942 ஆகஸ்ட் 15இல் இங்கே இறந்தார், கஸ்தூர்பா 1944 பிப்ரவரி 22இல். இருவரின் சமாதிகளும் தோட்டத்தின் பின்பக்கம் அடுத்தடுத்து இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து கும்பிட்டுப் போனார்கள்.

இந்த அரண்மனையின் சொந்தக்காரருக்கும் நம் விமானிக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு என்று அறிவித்தவர் மூன்றாம் ஆகா கான். 1930இல் மூன்று பேர் இறங்கினார்கள். மன்மோகன் சிங்கும் ஆஸ்பி இன்ஜினியரும் இங்கிலாந்திலிருந்து கிழக்கே வந்தார்கள். ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து மேற்கே போனார். எகிப்தின் அபூகிரில் இறங்கியபோது, ஆஸ்பி ஸ்பார்க் பிளக் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். பதினேழு வயதுப் பையன், போட்டியாளன். ஜே.ஆர்.டி. தன்னிடம் உபரியாக இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். சில மணி நேர வித்தியாசத்தில் பரிசு ஆஸ்பிக்குப் போனது. முதலில் வந்து சேர்ந்த மன்மோகன் சிங் கால வரம்பைத் தாண்டியிருந்தார். அந்தப் பதினேழு வயதுப் பையன் பிற்பாடு இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியானார். பிளக் கொடுத்ததைப் பெரிய தியாகமாக ஜே.ஆர்.டி. சொல்லிக்கொண்டதாகத் தெரியவில்லை. தோற்றதற்காக வருந்தியதாகவும் தெரியவில்லை.

இனி மைதானம். 1932 அக்டோபர் 15 காலை 6.35க்கு ஜே.ஆர்.டி. கராச்சியின் டிரிக் ரோடு விமானத் திடலிலிருந்து ஒற்றை எஞ்சின் புஸ் மாத் விமானத்தில் கிளம்பினார். தபால் ஏறக்குறைய 25 கிலோ. அகமதாபாத்தில் பெட்ரோல் டின்கள் மாட்டுவண்டியில் வந்தன. மதியம் 1.50க்கு ஜுஹு. அங்கே தபாலை வாங்கிக்கொண்டு பெல்லாரிக்குப் பறந்தவர் வின்சென்ட். பிரிட்டிஷ் விமானப்படையிலிருந்து விலகி, இந்தியாவில் ஊர் ஊராக விமானம் காட்டிச் சம்பாதித்துக்கொண்டிருந்தவர். இப்படி ஒரு சேவை நடத்தலாம் என்ற யோசனையே அவருடையதுதான். டாடா போட்ட முதலீடு இரண்டு லட்சம் ரூபாய்.

ஜுஹு என்றால் இன்றைய ஓடுபாதை இல்லை. வெறும் சேற்றுத் திடல். அலை ஏறினால் கடல் மட்டத்துக்கும் கீழே போய்விடும். மழைக்காலத்தில் முழுக்கத் தண்ணீர். அதனால் தென்மேற்குப் பருவமழை வந்ததும் மொத்த நிறுவனமும் மூட்டை கட்டிக்கொண்டு புனேவுக்கு வந்துவிடும். மொத்த நிறுவனம் என்றால் இரண்டு விமானங்கள், மூன்று விமானிகள், மூன்று மெக்கானிக்குகள். எரவாடா சிறையின் பக்கத்தில் ஒரு மைதானத்தைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி கிடைத்தது.

புனே ஏன் என்பதற்கு மலைதான் பதில். மேற்குத் தொடர்ச்சி மலையின் முகட்டில் லோனாவ்ளா பக்கம் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. மும்பையில் 2,000க்கு மேல். மலையைத் தாண்டி இறங்கியதும் புனேவில் 700 சொச்சம்தான். நம் கோவைக்கு மேற்கே வாளையாறு தாண்டினால் வானம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மழைமறைவில் ஒரு காய்ந்த திடல் கிடைத்தால் தபாலைத் தடையில்லாமல் கொண்டுபோகலாம். மும்பைத் தபால் ரயிலில் மலையேறி வந்து இங்கே விமானத்துக்கு மாறியிருக்க வேண்டும். அந்த ஆறு பேரை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. வானிலைச் செய்தி இல்லை, ரேடியோ இல்லை, விளக்கு இல்லை. மேகத்துக்குக் கீழே ரயில் தண்டவாளத்தையும் ஆற்றையும் பார்த்துக்கொண்டு பறந்தார்கள்.

சேவையின் முதல் மழைக்காலம் 1933. அந்த மாதங்களில் எரவாடாவில் என்னென்ன நடந்தன என்று வரிசையாக எழுதிப் பார்த்தேன். முந்தைய செப்டம்பரில் இந்தச் சிறையின் மாமரத்தடியில் காந்தியின் உண்ணாவிரதமும் புனே ஒப்பந்தமும். 1933 மே 8இல் விடுதலையாகி, பக்கத்துக் குன்றில் லேடி தாக்கர்சியின் பர்ணகுடி மாளிகையில் 21 நாள் உண்ணாவிரதம். ஜூன் 16இல் அதே பர்ணகுடியில் காந்தியின் மகன் தேவதாஸுக்கும் நம் ராஜாஜியின் மகள் லட்சுமிக்கும் கல்யாணம். சாதி மாறிய கல்யாணம். ஐந்து வருடம் பிரிந்திருந்து, அதன் பிறகும் மனம் மாறாவிட்டால் பார்க்கலாம் என்று இரண்டு அப்பாக்களும் வைத்த பரீட்சையில் தேறி வந்தவர்கள் மணமக்கள். ஆகஸ்டில் காந்தி மறுபடி எரவாடா சிறையில், மறுபடி உண்ணாவிரதம், அந்த மாதம் 23இல் விடுதலை.

இத்தனைக்கும் நடுவில்தான் அந்த மழைக்காலத்து விமானங்கள் ஏறி இறங்கின. சூனிக்கு நேர்ந்ததை மங்கள்தாஸ் ரோட்டில் நினைத்துக்கொண்டு வந்த எனக்கு, லட்சுமியின் கல்யாணம் நடந்த குன்றும் சூனியின் மகன் தொடங்கிய சேவையின் திடலும் ஒரே பேட்டையில் அமைந்தது தற்செயல்தான் என்று தெரியும். தெரிந்தும் சந்தோஷமாக இருந்தது. ஒரு பெண் கடல் தாண்டி வந்து பெற்ற வாழ்த்தும் வசவும், இன்னொரு பெண் சாதி தாண்டி வந்து பெற்ற வாழ்த்தும் வசவும் எனக்கு ஒரே சரித்திரமாகத்தான் படுகிறது.

சிறையின் சுற்றுச்சுவர் நீளமானது. 1871இல் கட்டியது, 500 ஏக்கருக்கு மேல் பரப்பு. சுவரை ஒட்டிய சாலையில் நடந்தேன். வங்கிகள், டீக்கடைகள், கார் ஷோரூம், அடுக்குமாடிகள். தலைக்கு மேலே லோஹகாவ் விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள் சில நிமிடங்களுக்கு ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. டீக்கடைக்காரரிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன், இங்கே பழைய விமானத் திடல் எங்கே இருந்தது என்று. “லோஹகாவ் போங்க சாப், ஆட்டோ இருக்கு” என்றார். லோஹகாவ் 1939இல் வந்தது, அதற்கும் முன்னால் என்றேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர், “ஜெயிலுக்குப் பக்கத்துல நிறைய மைதானம் இருந்துச்சு, எல்லாம் கட்டடமாயிருச்சு” என்று கையால் ஒரு பெரிய அரைவட்டம் போட்டுக் காட்டினார்.

நான் நடந்த வழியில் ஒரு பலகையும் கண்ணில் படவில்லை. ஒன்று வைக்க வேண்டும் என்று எனக்கு அழுத்தமாகத் தோன்றுகிறது. புனே மாநகராட்சியோ டாடா நிறுவனமோ யார் வைத்தாலும் சரி. ஜே.ஆர்.டி.யின் பெயர் ஏற்கெனவே மேம்பாலத்தில் இருக்கிறது. இங்கே அந்த மூன்று மெக்கானிக்குகளைப் பற்றியும் ஒரு வரி எழுதலாம். மழையில் நனைந்த எஞ்சினைத் துடைத்து, மறுநாள் காலைக்குள் பறக்க வைத்தவர்கள் அவர்கள். முதல் முழு ஆண்டில் இந்தச் சேவை 1,60,000 மைல் பறந்து, 155 பயணிகளையும் ஏறக்குறைய பத்து டன் தபாலையும் கொண்டுபோனது. நேரம் தவறவில்லை என்று அரசாங்கமே பாராட்டியது. 1935இல் மும்பையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஒரு வழி திறந்தது. 1938இல் சென்னை வழி திருச்சி வரை நீண்டு, அங்கிருந்து கடல் தாண்டிக் கொழும்புக்குப் போனது.